ஒரு ஸாஉ எத்தனை கிலோ? – ஃபித்ரா அளவும் நம் பொறுப்பும்

(ஓசூரில் ரமளான் மாத ஜும்ஆவில் நிகழ்த்தப்பட்ட பயானின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அகிலங்கள் அனைத்தையும் படைத்துப் பரிபாலிக்கின்ற அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள், அவர்கள் வழி நடந்த நல்லடியார்கள் அனைவர் மீதும் உண்டாவதாக. அம்மா பஃது.

அன்பார்ந்த இஸ்லாமியப் பெருமக்களே, திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் நேராக ஜும்ஆவுக்கு வந்திருக்கும் சிப்காட் தொழிலாளர் சகோதரர்களே! அல்லாஹ்வை அஞ்சி வாழும்படி முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் உபதேசம் செய்துகொள்கிறேன்.

ரமளான் நம்மை விட்டுப் போகத் தயாராகிவிட்டது. இன்னும் சில நாள்களில் ஃபித்ரா கொடுக்க வேண்டும். இந்த வாரம் முழுக்க என்னிடம் வந்த கேள்வி ஒன்றுதான். "ஹஜ்ரத், ஃபித்ரா எத்தனை கிலோ?" ஒரு நோட்டீஸில் இரண்டரை கிலோ அரிசி என்று போட்டிருக்கிறது. இன்னொன்றில் 1 கிலோ 633 கிராம் கோதுமை என்று இருக்கிறது. பெங்களூரிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்ததில் 2 கிலோ 45 கிராம் என்று இருக்கிறது. "மார்க்கம் ஒன்று, நபி ஒருவர், ஏன் மூன்று கணக்கு?" என்று ஒரு தம்பி கொஞ்சம் கோபமாகவே கேட்டார். நியாயமான கேள்வி. இன்றைய ஜும்ஆவில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

அதற்கு முன்னால் உங்கள் முன் ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது வேறு யாருடைய தவறும் அல்ல. என்னுடையதும், என்னோடு ஃபித்ரா பொட்டலம் போட்ட சகோதரர்களுடையதும்.

மிச்சம் வந்த மூன்று சிப்பம்

ஃபித்ரா பணத்தை வசூலித்து, தலைக்கு இரண்டரை கிலோ என்று கணக்குப் போட்டு, 25 கிலோ சிப்பங்களாக அரிசி வாங்கி, பொட்டலம் கட்டி, ஏழை வீடுகளுக்குக் கொடுப்பது வழக்கம். ஒவ்வொன்றையும் தராசில் வைத்தால் நேரமாகிறது என்று ஒரு பிளாஸ்டிக் மக் வாங்கினோம். அதில் இரண்டரை என்று கோடு இருக்கும். கோடு வரை அள்ளு, பையில் கொட்டு, கட்டு. வேலை சீக்கிரம் முடிந்தது. இரண்டு ரமளான் அப்படியே போனது. இரண்டு முறையும் கடைசியில் சில சிப்பம் அரிசி மிச்சம் வந்தது. "பரக்கத் ஹஜ்ரத், பரக்கத்" என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நானும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். அந்த அரிசியை நோன்புக் கஞ்சிக்கு எடுத்து வைத்தோம்.

மூன்றாவது வருடம், அதாவது போன வருடம், 180 பொட்டலம் கட்டி முடித்துவிட்டோம். காலையில் கொடுக்க வேண்டும். மூன்று சிப்பம் மிச்சம். கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை பார்க்கும் ஒரு தம்பி அந்த மக்கைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "ஹஜ்ரத், இது லிட்டர் மக்குங்களே. கிலோ இல்லையே" என்றார்.

தராசைக் கொண்டு வந்தோம். கோடு வரை நிரப்பிய அரிசியை வைத்தோம். 2 கிலோ 70 கிராம். ஒரு பொட்டலத்துக்கு 430 கிராம் குறைவு. 180 பொட்டலத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், 77 கிலோவுக்கு மேல். மிச்சம் வந்த மூன்று சிப்பம் 75 கிலோ. நாங்கள் பரக்கத் என்று சொல்லிச் சந்தோஷப்பட்டது மிஸ்கீனின் பங்கு, சகோதரர்களே! ஏழையின் சோற்றுப் பானையிலிருந்து அள்ளியதை நாங்கள் பரக்கத் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அன்றிரவே எல்லாப் பையையும் பிரித்தோம். தராசில் வைத்து மறுபடி கட்டினோம். ஸஹர் நேரம் ஆகிவிட்டது. அந்த வருடம் அல்லாஹ் காப்பாற்றினான். ஆனால் முந்தைய இரண்டு வருடம்? நோட்டை எடுத்துப் பார்த்தோம். இரண்டு வருடமும் சேர்த்து 330 பொட்டலம். குறைந்தது சுமார் 142 கிலோ. மூத்த உலமாக்களிடம் ஆலோசனை கேட்டு, பொட்டலம் போட்டவர்கள் எல்லோரும் சொந்தப் பணத்தில் ஆறு சிப்பம் வாங்கி, பழைய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். பாதிப் பேர் கிடைத்தார்கள். ஒப்பந்த வேலைக்கு வந்து லைன் வீடுகளில் குடியிருந்தவர்கள் பலர் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். பீஹாருக்குப் போனார்களா, அஸ்ஸாமுக்குப் போனார்களா, யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் பெயரில் மற்ற ஏழைகளுக்குக் கொடுத்தோம். அவர்கள் மறுமையில் எங்களிடம் கேட்காமல் இருக்க வேண்டும் என்று இன்றும் துஆ செய்துகொண்டிருக்கிறோம்.

எங்களில் யாருக்கும் திருட வேண்டும் என்ற எண்ணம் இல்லை. ஒரு லிட்டரும் ஒரு கிலோவும் ஒன்றுதான் என்று நினைத்தோம், அவ்வளவுதான். தண்ணீருக்கு அது சரி. அரிசிக்குச் சரியில்லை. அரிசி மணிகளுக்கு நடுவே காற்று இருக்கிறது. ஒரு லிட்டர் பாத்திரத்தில் அரிசியை நிரப்பினால் சுமார் 830 கிராம்தான் நிற்கும். கோதுமையும் கேழ்வரகும் அதைவிடச் சற்றுக் குறைவு. வாற்கோதுமை இன்னும் குறைவு. கோதுமை மாவை உதிரியாக அள்ளினால் பாதி கிலோவுக்குக் கொஞ்சம் மேல்தான் வரும். பாத்திரத்தைத் தட்டினால் மாவு அடங்கும், இன்னும் கொஞ்சம் பிடிக்கும். வீட்டில் சமைக்கும் தாய்மார்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் என்று வைப்பார்கள், இரண்டும் டம்ளர் கணக்கு என்பதால் தவறாது. டம்ளரை கிலோவாக மாற்றும்போதுதான் தவறு நுழைகிறது.

நபியின் கையில் இருந்தது பாத்திரம்

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வருவோம். நோன்புப் பெருநாள் தர்மத்தை நபி (ஸல்) அவர்கள் கடமையாக்கினார்கள் என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. பேரீச்சம்பழத்தில் ஒரு ஸாஉ, அல்லது வாற்கோதுமையில் ஒரு ஸாஉ. அடிமை, சுதந்திரமானவர், ஆண், பெண், சிறியவர், பெரியவர் என்று முஸ்லிம்களில் ஒவ்வொருவருக்காகவும் கொடுக்க வேண்டும். மக்கள் பெருநாள் தொழுகைக்குப் புறப்படும் முன் கொடுத்துவிட வேண்டும். அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள், உணவு, உலர்ந்த திராட்சை, பாலாடைக் கட்டி இவற்றிலும் ஒரு ஸாஉ கொடுத்துவந்ததாகச் சொல்கிறார்கள்.

ஸாஉ என்பது என்ன? அது எடை அல்ல, முகத்தல் அளவை. நம் ஊர்ப் படி மாதிரி ஒரு பாத்திரம். நான்கு முத்து சேர்ந்தால் ஒரு ஸாஉ. ஒரு முத்து என்பது நடுத்தர உடல் கொண்ட ஒரு மனிதர் இரண்டு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. அதாவது நான்கு இரட்டைக் கை அள்ளல் ஒரு ஸாஉ.

பேரீச்சம்பழம் ஒரு ஸாஉ, வாற்கோதுமை ஒரு ஸாஉ என்றால் பாத்திரம் ஒன்று, எடை வேறு வேறு. அதனால் "ஒரு ஸாஉ எத்தனை கிலோ" என்ற கேள்விக்கு ஒரே பதில் இருக்கவே முடியாது. எந்தப் பொருளில் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

இப்னு உமர் (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூதிலும் நஸயீயிலும் இன்னொரு ஹதீஸ் வருகிறது. எடை என்றால் மக்காவாசிகளின் எடை, அளவு என்றால் மதீனாவாசிகளின் அளவு என்பது அதன் கருத்து. மக்கா வியாபாரிகளின் ஊர். பொன்னும் வெள்ளியும் நிறுத்துப் பழகியவர்கள். மதீனா தோட்டக்காரர்களின் ஊர். பேரீச்சம்பழத்தை அளந்து பழகியவர்கள். எந்த விஷயத்தில் யார் கை பழகியதோ, அந்த விஷயத்தில் அவர்களிடம் போங்கள் என்று மார்க்கம் சொல்கிறது.

நம் ஓசூரும் இந்த இரண்டும் கலந்த ஊர்தான். சிப்காட்டுக்குள் போனால் எல்லாம் கிராம், மில்லிமீட்டர், மைக்ரான். தளி, தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் பக்கம் போனால் இன்றும் வயதானவர்கள் கேழ்வரகைப் படியில்தான் பேசுவார்கள். எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால் என்று நம் பெரியவர்கள் கணக்குச் சொல்வார்கள். ஆனால் பெரிய படி, சின்னப் படி என்று ஊருக்கு ஊர் படியே மாறும். அத்திப்பள்ளியைத் தாண்டினால் பாவு, சேரு. அங்கே சேரு என்பது தானியத்தை அளக்கும் பாத்திரம். வடநாட்டில் சேர் என்றால் எடை, 80 தோலா. ஒரே பெயர், அங்கே நிறுத்தல், இங்கே முகத்தல். மூன்று மாநிலத்து மனிதர்கள் ஒரே வரிசையில் நின்று தொழும் நம் பள்ளியில், சேர் என்று சொன்னால் மூன்று பேர் மூன்று விதமாகப் புரிந்துகொள்வார்கள்.

மதீனாவுக்குப் போன அபூயூசுஃப்

நம் இமாம்களுக்கும் இதே பிரச்சினை வந்தது. ஈராக்கில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் ஒரு ஸாஉ என்பது எட்டு ரத்தல் என்று சொன்னார்கள். மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களும், பின்னர் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும் ஐந்தே கால் ரத்தலுக்குச் சற்று அதிகம், அதாவது ஐந்தும் மூன்றில் ஒன்றும் என்று சொன்னார்கள்.

இமாம் அபூஹனீஃபா அவர்களின் தலைமை மாணவர் இமாம் அபூயூசுஃப் (ரஹ்). அப்பாஸிய ஆட்சியில் தலைமை காஜி. அவர்கள் ஹஜ்ஜுக்குப் போனபோது மதீனாவில் ஸாஉ பற்றி விசாரித்தார்கள். "எங்களுடையதுதான் நபியின் ஸாஉ" என்று மதீனாவாசிகள் சொன்னார்கள். "ஆதாரம்?" என்று கேட்டார்கள். நாளை கொண்டு வருகிறோம் என்றார்கள். மறுநாள் காலை முஹாஜிர்கள், அன்ஸார்களின் பிள்ளைகளான ஏறத்தாழ ஐம்பது பெரியவர்கள் வந்தார்கள். ஒவ்வொருவரின் மேலாடைக்குள்ளும் ஒரு ஸாஉ. இது நபியின் ஸாஉ என்று தன் தகப்பனிடமிருந்து, தன் வீட்டாரிடமிருந்து கேட்டதாக ஒவ்வொருவரும் சொன்னார்கள். அபூயூசுஃப் அவர்கள் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எல்லாம் சமமாக இருந்தன. அளந்து பார்த்தபோது ஐந்தும் மூன்றில் ஒன்றும் ரத்தல், மிகச் சிறிய வித்தியாசம்தான். அந்த இடத்திலேயே தன் ஆசிரியரின் கருத்தை விட்டுவிட்டு மதீனாவின் கருத்தை எடுத்துக்கொண்டார்கள். இமாம் பைஹகீ (ரஹ்) அவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பிகளுக்கு இது நன்றாகப் புரியும். உங்கள் வெர்னியர், மைக்ரோமீட்டர் எல்லாவற்றையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை காலிப்ரேஷனுக்கு அனுப்புகிறீர்கள். மாஸ்டரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறீர்கள். வித்தியாசம் வந்தால், "இத்தனை வருடம் இதில்தானே அளந்தோம்" என்று யாரும் பிடிவாதம் பிடிப்பதில்லை. அபூயூசுஃப் அவர்கள் மதீனாவில் செய்தது அந்த வேலைதான். தலைமை காஜி என்ற பதவி அதற்குக் குறுக்கே நிற்கவில்லை. தாங்கள் படித்ததையே திருத்திக்கொண்டார்கள்.

ஆனால் இமாம் அபூஹனீஃபா அவர்களின் கருத்துக்கும் ஆதாரங்கள் உண்டு, அதைப் பின்பற்றுபவர்கள் தவறு செய்கிறார்கள் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். ஹனஃபீ மத்ஹபில் ஃபத்வா இன்றும் எட்டு ரத்தலில்தான் இருக்கிறது. அளவு பெரியதாக இருப்பதால் ஏழைக்கு அதில் நஷ்டமும் இல்லை. கோதுமையில் மட்டும் அரை ஸாஉ போதும் என்பது அவர்களின் கருத்து. முஆவியா (ரலி) அவர்கள் சிரியாவின் கோதுமையில் இரண்டு முத்து ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துக்கு ஈடு என்று கருதியதையும் அதற்கு ஒரு துணையாகக் காட்டுவார்கள்.

மூன்று நோட்டீஸ், மூன்று கணக்கு

இனி அந்த மூன்று நோட்டீஸையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

1 கிலோ 633 கிராம் எங்கிருந்து வந்தது? அரை ஸாஉ கோதுமை என்பது ஒன்றே முக்கால் சேர் என்று இந்திய உலமாக்கள் கணக்கிட்டார்கள். ஒரு சேர் 80 தோலா. ஒன்றே முக்கால் சேர் 140 தோலா. ஒரு தோலா 11.66 கிராம். பெருக்கினால் 1,633 கிராம்.

2 கிலோ 45 கிராம் எங்கிருந்து வந்தது? பரேலியைச் சேர்ந்த அறிஞர் அஹ்மத் ரழா கான் (ரஹ்) அவர்கள் ஒரு பேணுதலைக் கையாண்டார்கள். எட்டு ரத்தல் என்ற எடையை வாற்கோதுமைக்கு உரியதாக வைத்துப் பாத்திரத்தைத் தீர்மானித்தார்கள். வாற்கோதுமை லேசானது, அதனால் பாத்திரம் பெரிதாகிவிடும். அதே பாத்திரத்தில் கோதுமையை நிரப்பி வெள்ளி ரூபாய் எடையால் நிறுத்தார்கள். அரை ஸாஉக்கு 175 ரூபாய் எட்டணா எடை வந்தது. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 2 கிலோ 45 கிராம். இரண்டு தரப்புக்கும் எட்டு ரத்தல் ஒன்றுதான். எந்தத் தானியத்தை வைத்துப் பாத்திரத்தைத் தீர்மானிப்பது என்பதில்தான் வித்தியாசம்.

இரண்டரை கிலோ அரிசி எங்கிருந்து வந்தது? ஷாஃபிஈ மத்ஹபின் ஸாஉ இன்றைய அளவில் சுமார் இரண்டே முக்கால் லிட்டர். அதில் அரிசியை நிரப்பினால் இரண்டேகால் கிலோவுக்குச் சற்று மேல் வரும். அரிசிக்கு அரிசி மாறும் என்பதால், குறைந்துவிடக் கூடாது என்று இரண்டரையாக வைத்தார்கள்.

இப்போது சொல்லுங்கள், மார்க்கத்தில் மூன்று கணக்கா? பாத்திரத்தை எடையாக மாற்றும்போது வந்த கணக்குகள் இவை. இதை வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் வழிகெட்டவர் என்று பேசுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ரவ்ழா என்ற நூலில் இதைப் பேசுகிறார்கள். ஸாஉக்கு இத்தனை திர்ஹம் எடை என்று ஒரு கணக்கைச் சொல்லிவிட்டு, சோளம், கொண்டைக்கடலை என்று தானியத்துக்குத் தானியம் எடை மாறும் என்பதைச் சுட்டிக்காட்டுகிறார்கள். சரியானது முகத்தல் அளவைத்தான் நம்ப வேண்டும், அந்த ஸாஉ கிடைக்காதவர், அதைவிடக் குறையாது என்று தனக்கு உறுதியாகத் தெரியும் அளவைக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் தரும் தீர்ப்பின் கருத்து.

"குறையாது என்று உறுதியாகத் தெரியும் அளவு." இந்த ஜும்ஆவிலிருந்து ஒன்றே ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போவதானால் இதை எடுத்துப் போங்கள். ஓர் அளவை இன்னோர் அளவாக மாற்றும்போது சந்தேகம் வரத்தான் செய்யும். அந்தச் சந்தேகத்தின் பாரம் யார் தலையில் விழ வேண்டும்? கொடுப்பவன் தலையிலா, வாங்குபவன் தலையிலா? கொடுப்பவன் சுமக்க வேண்டும் என்கிறது நம் மார்க்கம். நாங்கள் அந்த மக்கை எடுத்தபோது, எங்களுக்கே தெரியாமல் அந்தப் பாரத்தை வாங்குபவர் தலையில் வைத்துவிட்டோம். அவர் எப்படிக் கேட்பார்? தர்மமாக வரும் பையை எந்த ஏழை தராசில் வைத்துப் பார்ப்பார்? வைத்துப் பார்த்தாலும் குறைகிறது என்று வந்து சொல்ல எந்த விதவைத் தாய்க்கு வாய் வரும்?

வாங்கும்போது ஓர் அளவு, கொடுக்கும்போது ஓர் அளவு

முதஃப்பிஃபீன் அத்தியாயத்தின் தொடக்கத்தில் அல்லாஹ் அளவில் மோசடி செய்பவர்களுக்குக் கேடுதான் என்று எச்சரிக்கிறான். மக்களிடம் அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்குவார்கள், மக்களுக்கு அளந்தோ நிறுத்தோ கொடுக்கும்போது குறைப்பார்கள் என்று அவர்களை அடையாளம் காட்டுகிறான். அளத்தல், நிறுத்தல் இரண்டையும் அல்லாஹ் தனித்தனியாகச் சொல்வதைக் கவனியுங்கள். நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அங்குள்ளவர்கள் அளவையில் மிக மோசமாக இருந்தார்கள், இந்த வசனங்கள் இறங்கிய பிறகு திருந்தி நன்றாக அளந்தார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சொல்வதாக இப்னு மாஜாவில் இருக்கிறது. எந்த ஊரின் அளவை மார்க்கம் பிற்காலத்தில் மாஸ்டராக வைத்ததோ, அந்த ஊரே முதலில் திருந்திய ஊர்தான். அதனால் நாமும் திருந்த முடியும், நம்பிக்கை இழக்க வேண்டாம்.

அர்ரஹ்மான் அத்தியாயத்தில் அல்லாஹ் வானத்தை உயர்த்தியதைச் சொன்ன கையோடு தராசை நிலைநாட்டியதைச் சொல்கிறான். ஷுஐப் (அலை) அவர்களின் மத்யன் மக்களுக்கு ஏகத்துவத்துக்கு அடுத்தபடியாகச் சொல்லப்பட்ட அறிவுரை அளவையும் நிறுவையையும் குறைக்காதீர்கள் என்பதுதான். அவர்கள் வாழ்ந்த ஊரும் வழிப்போக்கு வியாபார ஊர். நாமும் நெடுஞ்சாலையில், இரண்டு மாநில எல்லையில் கடை வைத்திருப்பவர்கள். இந்தப் படிப்பினை நமக்கு மிக அருகில் இருக்கிறது.

கடை வைத்திருக்கும் சகோதரர்களே, எண்ணெயைப் பாருங்கள். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஒரு கிலோ இருக்காது, ஏறத்தாழ 910 கிராம்தான். சூடானால் எண்ணெய் விரியும், அதே லிட்டரில் எடை இன்னும் குறையும். சோயா எண்ணெய் 21 டிகிரியில் லிட்டருக்கு 919 கிராம், 60 டிகிரியில் 892 கிராம்தான். சில கம்பெனிகள் பாக்கெட்டில் அதிக வெப்பநிலையைப் போட்டு லிட்டர் கணக்குக் காட்டியதால், வெப்பநிலையைக் குறிப்பிடாமல் லிட்டரையும் எடையையும் போட வேண்டும் என்று 2022-ல் மத்திய அரசு உத்தரவிட்டது. பாக்கெட்டில் பொய் எழுதப்படவில்லை, ஆனால் வாங்குபவருக்குக் குறைந்தது. சட்டத்தின் ஓட்டை வழியாகப் போகிறவனை அல்லாஹ் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

பிரியாணி ஆர்டர் எடுக்கும் பாய்மார்களே, "ஒரு கிலோ பிரியாணி" என்றால் ஒரு கிலோ அரிசி போட்டுச் செய்ததா, வெந்த பிரியாணி ஒரு கிலோவா? இரண்டுக்கும் நடுவே எத்தனை பேர் சாப்பாடு இருக்கிறது! கேட்பவர் ஒன்றை நினைக்க, நீங்கள் இன்னொன்றைக் கொடுத்தால் அங்கே பிரச்சினை ஆரம்பம். பணம் வாங்கும் முன் வாய் திறந்து சொல்லிவிடுங்கள். மின்னணுத் தராசுக்கு வருடத்துக்கு ஒருமுறை முத்திரை போட வேண்டும், அதைத் தள்ளிப் போடாதீர்கள். இனிப்பை அட்டைப் பெட்டியோடு நிறுக்காதீர்கள். புளியில், தானியத்தில் ஈரம் இருந்தால் எடை கூடும். நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் இல்லை என்று கண்டித்த ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது.

ஸுவைத் பின் கைஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் துணி வாங்கினார்கள். அங்கே கூலிக்கு எடை போடும் ஒருவர் இருந்தார். அவரிடம், நிறுத்துக் கொடு, கொஞ்சம் தாழ்த்திக் கொடு என்றார்கள். விலையாகக் கொடுக்க வேண்டியது சரியாக இருந்தாலும் தட்டு கொடுப்பவருக்குச் சாதகமாக நிற்கக் கூடாது, வாங்குபவர் பக்கம் சாய வேண்டும். நம் தாய்மார்கள் அளந்து போட்ட பிறகு மேலே ஒரு கை போடுவார்கள் அல்லவா? அந்தக் கை இந்த ஸுன்னத்தின் வாசனை.

சிலர் கேட்கலாம், "அளந்தால் பரக்கத் போய்விடும் என்பார்களே?" ஆயிஷா (ரலி) அவர்களிடம் கொஞ்சம் வாற்கோதுமை இருந்தது, நீண்ட நாள் அதிலிருந்து சாப்பிட்டார்கள், ஒருநாள் அளந்து பார்த்தார்கள், தீர்ந்துவிட்டது என்று ஹதீஸ் இருக்கிறது. உணவை அளங்கள், பரக்கத் செய்யப்படும் என்று மிக்தாம் பின் மஃதீகரிப் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸும் புகாரியில் இருக்கிறது. உலமாக்கள் இரண்டையும் இணைத்து விளக்குகிறார்கள். வீட்டில் இருப்பு எவ்வளவு என்று ஆசையோடு எண்ணிக்கொண்டே இருப்பது வேறு. இன்னொருவருக்குக் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் அளப்பது வேறு. பிறர் உரிமை இருக்கும் இடத்தில் அளப்பதில்தான் பரக்கத். எங்கள் மூன்று சிப்பம் அதற்குச் சாட்சி. அளக்காமல் வந்தது பரக்கத் இல்லை, கடன்.

இந்த வருடம் என்ன செய்ய வேண்டும்?

நம் ஜமாஅத்தில் இந்த வருடம் ஒவ்வொரு பொட்டலமும் தராசில் ஏறித்தான் போகும். வீட்டிலேயே அரிசியாகக் கொடுப்பவர்கள் தலைக்கு இரண்டரை கிலோ நிறுத்துக் கொடுங்கள். வீட்டில் தராசு இல்லையென்றால், கடையில் இரண்டரை கிலோ நிறுத்து வாங்கி வந்து, உங்கள் வீட்டுப் பாத்திரத்தில் கொட்டி ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதே அரிசிக்கு அந்தக் கோடு செல்லும். அரிசி மாறினால் மறுபடி நிறுத்துப் பாருங்கள்.

ஹனஃபீ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள் கோதுமை என்றால் அரை ஸாஉ, பேரீச்சை, வாற்கோதுமை என்றால் ஒரு ஸாஉ, அல்லது அதன் விலையைக் கொடுக்கலாம். அரிசி அந்த மத்ஹபில் ஹதீஸில் பெயர் சொல்லப்பட்ட பொருள் இல்லை என்பதால், அரிசியாகக் கொடுத்தால் அதன் விலை அரை ஸாஉ கோதுமையின் விலைக்குக் குறையாமல் இருக்கிறதா என்று அன்றைய சந்தை விலையில் பார்த்துக்கொள்ளுங்கள். 1,633 கிராமா, 2,045 கிராமா என்று தடுமாற்றம் வந்தால், வசதி உள்ளவர்கள் கூடுதலானதை எடுங்கள். சில பத்து ரூபாய்தான் வித்தியாசம், சந்தேகமில்லாமல் கடமை நிறைவேறும். அல்லாஹ் வசதியைக் கொடுத்தவர்கள் பேரீச்சையின் விலையைக் கொடுங்கள்.

நோன்பு வைக்க முடியாத வயதானவர்கள், தீராத நோயாளிகள் கொடுக்கும் ஃபித்யாவுக்கும் இதே கணக்கு. ஷாஃபிஈ மத்ஹபில் ஒரு நோன்புக்கு ஒரு முத்து, அரிசியில் 600 கிராமுக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஹனஃபீ மத்ஹபில் ஒரு ஃபித்ரா அளவு.

பெருநாள் தொழுகைக்கு முன் கொடுத்துவிடுங்கள். பக்கத்து லைன் வீட்டில் ஊருக்குப் போகாமல் தங்கிவிட்ட வெளிமாநிலத் தொழிலாளி இருந்தால் அவரை மறந்துவிடாதீர்கள். அவருக்கு நம் மொழி தெரியாது, நம் ஜமாஅத் பட்டியலில் அவர் பெயர் இருக்காது. அடுத்த வருடம் அவர் எங்கே இருப்பார் என்று நமக்கும் தெரியாது. குறைத்துக் கொடுத்துவிட்டுப் பிறகு தேடிப் போவது எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று. நாளை மறுமையில் நம் அமல்கள் தராசில் வைக்கப்படும். அன்று நாம் எல்லோரும் வாங்கும் பக்கம் நிற்கிறோம், மிஸ்கீன்களாக நிற்கிறோம். நம் தட்டு கொஞ்சம் கனமாக இருக்காதா என்று ஏங்கி நிற்போம். அன்று அல்லாஹ் நமக்குத் தாராளமாகக் கொடுக்க வேண்டும் என்றால், இன்று நம் கையால் போகும் தட்டு கொஞ்சம் தாழட்டும்.

யா அல்லாஹ்! அறிந்தும் அறியாமலும் அளவிலும் நிறுவையிலும் நாங்கள் செய்த குறைகளை மன்னிப்பாயாக! எங்களால் பங்கு குறைந்தவர்கள் எங்கே இருந்தாலும் அவர்களின் ரிஸ்கை விசாலமாக்குவாயாக! அவர்களின் உள்ளங்களை எங்கள் மீது பொருந்தச் செய்வாயாக! எங்கள் ஊரின் அளவிலும், படியிலும், உணவிலும் பரக்கத் செய்வாயாக! எங்கள் நோன்புகளையும் ஃபித்ராக்களையும் ஏற்றுக்கொள்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.